நோய் நீங்கிய புரவிக்கு உரிய காலம்

மனிதனுக்காக உழைக்கும் விலங்கு நோயுற்றுத் தேறிவரும் நாட்களில் அதற்கு அளிக்கப்படும் ஓய்வு, உடையவன் மனமிரங்கிச் செய்யும் கருணையா, அவன் செலுத்தியே தீரவேண்டிய கடனா என்னும் வினா, பார்வைக்குச் சிறியதாயினும், அறவியலின் அடிப்படையையே தொடுவதாகும். கருணை என்பது கொடுப்பவனின் உள்ளத்தைப் பொறுத்தது. அது இல்லாதவனைக் கல்நெஞ்சன் எனலாமே தவிர, தவறிழைத்தவன் என்று தீர்ப்புச் சொல்ல இயலாது. கடனுக்கோ அளவுண்டு, தவணையுண்டு, அதைப் பெறுவதற்கு உரிய ஒருவர் உண்டு, செலுத்தத் தவறியவன்மேல் குற்றமும் உண்டு. வாய்பேசாத விலங்கு அவ்வாறு பெறுவதற்கு உரிய நிலையில் நிற்க முடியுமா, முடியுமெனில் அதற்குச் செலுத்தவேண்டியது எது என்று ஆராய்வதற்கு, வைரஸ் காய்ச்சலிலிருந்து மீண்டுவரும் குதிரையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. காய்ச்சல் தணிந்தபின் அதற்கு முதன்மையாக வேண்டுவது காலம்; அந்தக் காலமோ, குதிரையின் உழைப்பை நம்பியிருப்பவன் தன் வருவாயிலிருந்தும் பயணத்திலிருந்தும் விட்டுக்கொடுக்க வேண்டிய காலமாகும்.

குதிரைகளைத் தாக்கும் வைரஸ் நோய்களுள் மிக விரைவாகப் பரவும் ஒன்று குதிரை இன்ஃப்ளூயன்சா. மனிதருக்குச் சளிக்காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த இதில் இருவகைகள் அறியப்பட்டுள்ளன: 1956இல் பிராக் நகரில் பிரித்தறியப்பட்ட எச்7என்7 வகையும், 1963இல் அமெரிக்காவின் மயாமியில் பிரித்தறியப்பட்ட எச்3என்8 வகையும் ஆகும். முன்னது பல பத்தாண்டுகளாகத் தென்படவில்லை. இன்று உலகைச் சுற்றிவருவது பின்னதே. இந்தியாவில் 1987இல் இந்நோய் பெரும் கொள்ளைநோயாகப் பரவியது. 2008இல் மீண்டும் தலைகாட்டியபோது, ஜம்முவை அடுத்த கட்ராவில், வைஷ்ணோதேவி கோயிலுக்கு யாத்திரிகர்களைச் சுமந்துசெல்லும் குதிரைகளிடமும் கோவேறு கழுதைகளிடமும் முதலில் கண்டறியப்பட்டு, அங்கிருந்து வேறு பல மாநிலங்களுக்கும் சென்றது. நோய் தொற்றிய ஓரிரு நாட்களுக்குள் காய்ச்சல் 41 பாகை செல்சியஸ் வரை ஏறும் (குதிரையின் இயல்பான வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை), வறட்டு இருமல் வரும், மூக்கொழுகும், தீனியில் நாட்டம் குறையும், தலை தொங்கும். நன்கு பேணப்படும் வயதுவந்த குதிரை இந்நோயால் இறப்பது அரிது என்பதால், இதை எளிய நோயெனக் கருதும் வழக்கம் குதிரை வைத்திருப்போரிடையே உண்டு. தீங்கு தொடங்குவது அந்த எண்ணத்திலிருந்துதான்.

குதிரையின் மூச்சுக்குழலின் உட்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்மயிர்கள் அடர்ந்திருக்கின்றன. அவை ஓயாமல் அசைந்து, மூச்சோடு புகும் தூசியையும் கிருமிகளையும் சளியில் பொதிந்து மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றுகின்றன. வைரஸ் சிதைப்பது இந்த உட்சுவரைத்தான். காய்ச்சல் மூன்று நான்கு நாட்களில் இறங்கிவிடுகிறது. இருமலும் மெல்ல அடங்குகிறது. குதிரை காதுகளை நிமிர்த்தி, வாலை வீசி, வாசலில் ஆள் நடமாட்டம் கேட்டால் கனைக்கவும் தொடங்குகிறது. ஆனால் சிதைந்த உட்சுவர் மீண்டும் வளர்வதற்குக் குறைந்தது மூன்று வாரங்கள் ஆகின்றன. சளியை வெளித்தள்ளும் ஆற்றல் முழுமையாகத் திரும்புவதற்கு ஒரு மாதம்கூடச் செல்லலாம். இடைப்பட்ட நாட்களில் குதிரையை ஓடவிட்டால், ஆழ்ந்து இழுக்கப்படும் மூச்சு தூசியையும் பாக்டீரியாவையும் தடுப்பாரின்றி நுரையீரலுக்குள் கொண்டுசேர்க்கிறது. சில குதிரைகளுக்கு இதயத் தசையிலும் அழற்சி ஏற்பட்டிருப்பதால், கடும் உழைப்பு உயிருக்கே உலைவைக்கிறது. இதனால்தான், காய்ச்சல் நீடித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு, எவ்வாறாயினும் மூன்று வாரங்களுக்குக் குறையாமல் ஓய்வு என்னும் விதியைக் கால்நடை மருத்துவர்கள் வகுத்துள்ளனர். ஓய்வின் அளவை உடையவனின் தேவையோ இரக்கமோ முடிவுசெய்யவில்லை, குதிரையின் உடலே முடிவுசெய்கிறது என்பது இவ்விதியில் கவனிக்கத்தக்கது. கடனுக்குரிய அளவு என்று மேலே சொல்லப்பட்டது இங்கே நாட்கணக்காகவே கிடைத்துவிடுகிறது.

தேறிவரும் குதிரையைப் பேணும் முறைகளைச் சற்று நெருங்கிப் பார்ப்பது, இந்தக் கடனின் தன்மையை உணர உதவும். குதிரை வாயால் மூச்சுவிட இயலாத விலங்கு; மூக்கும் மூச்சுக்குழலும் சளியால் அடைபடாதிருப்பதே அதன் உயிர்ப்புக்கு முதல் தேவை. தலை தாழ்ந்திருக்கும்போது சளி தானாக வழிந்து வெளியேறுகிறது. தலைக்கயிறு உயரத்தில் கட்டப்பட்டால் அது கீழிறங்கி நுரையீரலில் தேங்குகிறது. எனவே தீனி தொட்டியில் இடப்படாமல் தரையில் இடப்படுகிறது, கயிறு தளர்த்தப்படுகிறது. உலர்ந்த புல்லின் தூசியும் பூஞ்சைத் துகள்களும் புண்பட்ட குழலை மேலும் அரிப்பதால், புல் நீரில் நனைத்துக் கொடுக்கப்படுகிறது. குளிரடிக்குமோ என்றஞ்சி லாயத்தை மூடிவைப்பது தவறு. படுக்கைப் புல்லில் ஊறிய சிறுநீரின் நெடி கண்ணைக் கரிக்கும் லாயத்தில் மூச்சுக்குழல் ஆறுவதில்லை. சிறிது சிறிதாகப் பசும்புல்லும், எப்போதும் தூய நீரும் கிடைக்கவேண்டும். மூன்றாவது, நான்காவது வாரங்களில், சேணமின்றிக் கையில் பிடித்து நடத்திச்சென்று, நடை முடிந்தபின் விலா ஏறியிறங்குவதைப் பார்த்து மூச்சை எண்ணுவர். அமைதியாக நிற்கும் குதிரை நிமிடத்திற்கு 8 முதல் 16 முறை மூச்சுவிடுவது இயல்பு என்பதால், அந்த அளவுக்கு அது எவ்வளவு விரைவில் திரும்புகிறது என்பதைக்கொண்டு மறுநாளின் நடையை நீட்டுவதா குறைப்பதா என்று முடிவுசெய்யப்படும்.

இந்த முறைகள் அனைத்திலும் ஒரு பொதுக்கூறு உள்ளது. இவற்றில் எதுவும் குதிரைக்குள் வலிமையைச் செலுத்தவில்லை. வலிமை திரும்புவதற்குத் தடையாக நிற்பவற்றை விலக்குகின்றன, அவ்வளவே. பதஞ்சலியின் யோகசூத்திரம் நான்காம் பாதத்தில், ஒரு பொருளின் இயல்பை வெளியிலிருந்து வரும் காரணம் இயக்குவதில்லை என்றும், வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவன் மடையைத் திறந்துவிடுவதோடு அமைவதுபோல அது தடையை மட்டுமே நீக்குகிறது என்றும் கூறுவது, யோகியின் உள்வளர்ச்சியைக் குறித்துச் சொல்லப்பட்டதாயினும், நோயிலிருந்து தேறும் உடலுக்கு அப்படியே பொருந்துகிறது. இதை உணராதவர்கள், மெலிந்த குதிரையைக் கண்டு மனம்பொறாமல், கொள்ளையும் தானியத்தையும் ஒரே நேரத்தில் அள்ளிக் கொடுக்கின்றனர். ஓய்விலிருக்கும் குதிரையின் குடல் அதை ஏற்க இயலாமல் சூலைநோயும், குளம்பினுள் அழற்சியும் உண்டாகி, இன்ஃப்ளூயன்சாவில் தப்பிய குதிரை தீனியால் வீழ்வதுண்டு. அன்பு மிகுந்தவரும் தவறிழைக்கக்கூடிய இடம் இது. ஆகவே இவ்வினாவைக் கருணையின் அளவைக் கூட்டுவதால் மட்டும் தீர்த்துவிட முடியாது.

மற்றொரு இடரும் உண்டு. குதிரை, இரையாகும் விலங்கினங்களுள் ஒன்று. மந்தையில் நலிந்தது எதுவோ அதன்மேல்தான் வேட்டைவிலங்கு பாயும் என்பதால், தன் தளர்ச்சியை வெளிக்காட்டாமல் நிற்பது அதன் பிறவிக் குணம். அது தன் வலியைச் சொல்லாது என்பதோடு, வலியில்லாததுபோலவும் தோற்றமளிக்கும். சேணம் பூட்டினால் நடக்கும், தட்டினால் ஓடும். ஒருவர் தம் உரிமையைக் கேட்காதபோது அது இல்லையென்று கொள்ளும் மனப்போக்கு மனிதரிடையே உள்ள வழக்குகளிலேயே தீங்கு விளைவிப்பதெனில், கேட்கும் ஆற்றலே இல்லாத உயிரிடத்தில் அது எத்தகைய கொடுமையாக முடியும் என்பதை விளக்க வேண்டியதில்லை. குதிரை கேளாததை அறிவால் அறிந்து கொடுப்பதே இங்குக் கடனைச் செலுத்தும் முறையாகும்.

இந்தியத் தத்துவ மரபில் குதிரை பெரும்பாலும் உவமையாகவே வருகிறது. கடோபநிடதம் உடலைத் தேராகவும், புத்தியைத் தேரோட்டியாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புலன்களைக் குதிரைகளாகவும் உருவகித்துக் காட்டியபின், அடங்காத குதிரைகளை அடக்குவது எப்படி என்பதே பிற்காலச் சிந்தனையாளர் பலருடைய கேள்வியாயிற்று. அந்த உருவகத்தின் பெருமையில் ஐயமில்லை. ஆயினும் அதிலுள்ள குதிரைகள் ஒருபோதும் களைப்பதில்லை, காய்ச்சலில் விழுவதில்லை. அவற்றின் மிகுவலிமை ஒன்றே சிக்கலாகக் காட்டப்படுகிறது. அவ்வுருவகத்தில் பழகிய மனம், குதிரை என்றாலே இழுத்துப்பிடிக்க வேண்டிய ஆற்றல் என்று எண்ணப் பழகிவிடுகிறது. தளர்ந்த குதிரையின்முன் தேரோட்டி என்ன செய்யவேண்டும் என்ற கேள்விக்கு விடை உபநிடதத்தில் இல்லை, மகாபாரதத்தில் இருக்கிறது.

துரோண பருவத்தில், போரின் பதினான்காம் நாள் நிகழ்ச்சி அது. தன் மகனின் சாவுக்குக் காரணமான ஜயத்ரதனை அன்று கதிரவன் மறைவதற்குள் கொல்லாவிட்டால் தீப்புகுவதாக அர்ச்சுனன் முந்தைய நாள் சூளுரைத்திருந்தான். பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது, ஜயத்ரதனோ இன்னும் தொலைவில் இருக்கிறான். அவந்தி நாட்டு இளவரசர்கள் விந்தனையும் அனுவிந்தனையும் வீழ்த்திய நிலையில், தேரை இழுக்கும் வெண்புரவிகள் அம்புபட்டுக் களைத்து நிற்கின்றன. ஒவ்வொரு நாழிகையும் தன் உயிரின் விலையாக இருக்கும் அந்த நேரத்தில், குதிரைகளை நுகத்திலிருந்து அவிழ்த்து அம்புகளைப் பிடுங்கிவிடலாம் என்று அர்ச்சுனனே கண்ணனிடம் சொல்கிறான், கண்ணனும் உடன்படுகிறான். அர்ச்சுனன் தேரைவிட்டுத் தரையில் இறங்கி, சூழ்ந்துநிற்கும் படை முழுவதையும் கால்நடையாக நின்று எதிர்கொள்கிறான். குதிரைகள் குடிப்பதற்கு இங்கே நீர்நிலை இல்லை என்றும், அவை இப்போது விரும்புவது குடிநீரையே, குளியலை அன்று என்றும் கண்ணன் எடுத்துச்சொல்ல, அர்ச்சுனன் அம்பால் நிலத்தைப் பிளந்து ஒரு பொய்கையையும், அம்புகளாலேயே குதிரைகளுக்கு ஒரு கொட்டகையையும் அமைக்கிறான்.

அதன்பின் கண்ணன் செய்பவற்றைக் காவியம் ஒவ்வொன்றாகச் சொல்கிறது. குதிரை நூலில் தேர்ந்தவனாகிய அவன், தன் இரு கைகளாலும் அம்புகளைப் பிடுங்கி, உடலைத் தேய்த்து உருவிவிட்டு, அவற்றைத் தரையில் புரளவிட்டு, நீர் பருகச்செய்து, அவற்றின் களைப்பையும் நடுக்கத்தையும் புண்ணின் வேதனையையும் போக்குகிறான். அவை நீருண்டு, குளித்து, தீனி தின்று, தளர்ச்சி நீங்கிய பின்னரே மீண்டும் தேரில் பூட்டுகிறான். குதிரை தரையில் புரள்வது அதன் தசைகள் தளர்வதற்கும் மனம் அமைவதற்கும் அடையாளம் என்பதைக் குதிரையோடு பழகியவர் அறிவர். புரளுவதற்கும் இடங்கொடுத்ததைக் குறிப்பிடும் அளவுக்குக் காவியத்தின் பார்வை நுட்பமாக இருக்கிறது. திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதியாக எழுந்தருளியிருக்கும் உற்சவரின் திருமுகத்தில் காணப்படும் வடுக்கள், தேரோட்டியாக இருந்தபோது பீஷ்மரின் அம்புகள் பட்டவை என்பது மரபு. அவ்வடுக்களைக் கண்டு உருகும் அடியவர்கள், அதே தேரோட்டி குதிரைகளின் உடலிலிருந்து அம்புகளைத் தன் கையால் களைந்ததையும் உடன் நினைப்பது தகும். சைவ மரபிலும், பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னை மாணிக்கவாசகர் திருப்பணிக்குச் செலவிட்டபின், சிவபெருமானே குதிரைச் சேவகனாக மதுரைக்கு வந்ததாகத் திருவிளையாடல் வரலாறு கூறுகிறது. சமூகம் தாழ்வாகக் கருதிய குதிரைக்காரனின் வேலையை இறைவன் மேற்கொண்டதாக இருபெரும் சமயங்களும் சொல்வது எளிதில் கடந்துபோகத்தக்க செய்தியன்று.

துரோண பருவ நிகழ்ச்சிக்கு எதிராக ஒரு வலுவான மறுப்பு உண்டு. கண்ணன் குதிரைகளைத் தேற்றியது அவற்றை மீண்டும் போருக்குள் ஓட்டுவதற்காகத்தானே, அப்படியிருக்க இதனைக் கருவியைப் பழுதுபார்க்கும் செயல் என்பதன்றி அறம் என்று எவ்வாறு சொல்வது என்று ஒருவர் கேட்கலாம். இம்மறுப்பில் உண்மை இருக்கிறது, அதை மழுப்பக்கூடாது. வேலைக்கெனக் குதிரை வளர்க்கும் எவரும், அது தேறியபின் மீண்டும் வேலைக்கு வரும் என்ற எதிர்பார்ப்போடுதான் பேணுகின்றனர். ஆனால் அந்த எதிர்பார்ப்பு அறத்தைக் கெடுத்துவிடுவதில்லை. கூலியாளுக்கு உணவளிப்பவன் அவன் நாளையும் உழைப்பான் என்று அறிந்தே அளிக்கிறான். அதனால் உணவு அவனுக்கு உரியதன்று என்றாகிவிடாது. ஓய்வு உரிமையாக மதிக்கப்படுகிறதா என்பதை அறிய இரண்டைப் பார்க்கவேண்டும்: ஓய்வு எப்போது முடிகிறது என்பதைத் தீர்மானிப்பது எது என்பதும், அந்த ஓய்வின் இழப்பை யார் தாங்குகிறார் என்பதும். குருட்சேத்திரத்தில் தளர்ச்சி நீங்கிய பின்னரே நுகம் பூட்டப்பட்டது. இழப்பை, தரையில் இறங்கி நின்ற அர்ச்சுனன் தன் உடலால் தாங்கினான். சூரியன் சாய்வதை எண்ணி அரைகுறையாய்த் தேறிய குதிரைகளைப் பூட்டியிருந்தால், அது பழுதுபார்ப்பாக மட்டுமே இருந்திருக்கும்.

அந்தக் குதிரைகளுக்கு வாய்த்தது சிறுபொழுதே என்பதும் மறக்கத்தக்கதன்று. போரின் களைப்பும் புண்ணும் வேறு, வைரஸ் விட்டுச்சென்ற தளர்ச்சி வேறு. காவியத்தை நினைத்துக்கொண்டு, ஒரு நாள் நீரூட்டி உருவிவிட்டால் காய்ச்சலில் விழுந்த குதிரை எழுந்துவிடும் என்று நம்புவது பேதைமை.

இந்த ஓய்வு கடன்தான் என்பதை ஐயமின்றிச் சட்டமாகவே எழுதிவைத்த நூல் கௌடலியரின் அர்த்தசாத்திரம். அதன் இரண்டாம் அதிகரணத்தில், அரசனின் குதிரைகளுக்குப் பொறுப்பான அசுவாத்தியட்சன், அதாவது குதிரைக் கண்காணிப்பாளன், குறித்த பகுதியில், மருத்துவத்திற்காக ஒதுக்கிவைக்கப்பட்ட குதிரையை வேலை வாங்குபவனுக்கு 12 பணம் தண்டம் என்று விதிக்கப்பட்டுள்ளது. நீராசனம் என்னும் ஆலத்திச் சடங்குக்காக ஒதுக்கப்பட்ட குதிரையை ஓட்டுபவனுக்கும் அதே தண்டம்தான். சடங்குக்காக விலக்கிய குதிரையையும் நோய்க்காக விலக்கிய குதிரையையும் ஒரே தட்டில் வைத்து, இரண்டையும் தீண்டலாகாது என்று அந்நூல் சொல்வது ஆழ்ந்து எண்ணத்தக்கது. போராலும் நோயாலும் மூப்பாலும் உழைப்பாலும் நலிந்த குதிரைகளுக்கு உணவு தொடர்ந்து அளிக்கப்படவேண்டும் என்பதும், மருத்துவத்தின் குறையால் நோய் முற்றினால் மருத்துவச் செலவைப்போல் இருமடங்கு தண்டம் என்பதும் அதிலேயே உண்டு. கௌடலியர் அரசின் வலிமையைக் கருதியே இவற்றை வகுத்தார், உயிரிரக்கத்தை அவர் பேசவில்லை என்பது மெய்யே. ஆனால் கடன் என்பதற்கு உள்ளம் கனிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, செலுத்தப்பட்டால் போதும். கனிந்த உள்ளங்கள் அரிதாக வாய்க்கும் உலகில், குதிரைக்கு அதுவே பாதுகாப்பு.

பிற சமயங்களும் இதே முடிவுக்கு வெவ்வேறு வழிகளில் வந்துள்ளன. விவிலியத்தின் யாத்திராகமம் ஏழாம் நாள் ஓய்வை விதிக்கும்போது, எருதும் கழுதையும் இளைப்பாறுவதையே அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கூறுகிறது. ஓய்வின் நாளை உடையவன் தேர்ந்தெடுக்கவில்லை, கட்டளையே தேர்ந்துவிட்டது. இமாம் மாலிக் தொகுத்த முவத்தாவில், நபிகள் நாயகம் தம் மேலாடையால் குதிரையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்ததாகவும், காரணம் கேட்டவர்களிடம், குதிரைகளின் பொருட்டு இரவில் தாம் கண்டிக்கப்பட்டதாகச் சொன்னதாகவும் ஒரு செய்தி இடம்பெறுகிறது. குதிரையின் சார்பில் வானிலிருந்து கண்டனம் வருகிறது என்றால், குதிரைக்கு வழக்கு உண்டு என்பது பொருள். சமண மரபில், தத்துவார்த்த சூத்திரம் அகிம்சை விரதத்திற்கு ஏற்படும் ஐந்து மீறல்களை எண்ணும்போது, கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல் என்பவற்றோடு மிகைச்சுமை ஏற்றுதலையும் உணவும் நீரும் மறுத்தலையும் சேர்த்துள்ளது. எது மிகைச்சுமை என்பது சுமக்கும் உடலின் நிலையைப் பொறுத்தது. மூச்சுக்குழல் ஆறாத குதிரைக்கு ஒரு குழந்தையின் எடையும் மிகையே. ஐரோப்பியத் தத்துவத்தில் காண்ட், நெடுநாள் உழைத்த குதிரையிடம் நன்றி காட்டுவது மனிதன் தன்மீது தானே கொண்ட கடமையின் ஒரு பகுதி என்ற அளவில் நின்றுவிட்டார். விலங்கு துன்புறுமா என்பதே கேள்வி என்ற பெந்தாம், 1789இல் வெளியான தம் நூலின் அடிக்குறிப்பில், வளர்ந்த குதிரை ஒரு மாதக் குழந்தையைவிட அறிவுடையது என்றும் சுட்டிக்காட்டினார். இருவருள் பெந்தாமே உண்மைக்கு அருகில் நிற்கிறார்.

இத்தனை அறநூல்கள் இருந்தும், அறிவு இல்லாத இடத்தில் குதிரை எவ்வாறு அழிந்தது என்பதற்குப் பாண்டிய நாட்டின் வரலாறே சான்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாரசீக வளைகுடாவிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் காயல் உள்ளிட்ட துறைமுகங்களுக்கு வந்திறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் விலை என்றும், கடல்வழியில் இறந்த குதிரைக்கும் அதே விலை செலுத்தப்பட்டதென்றும் எழுதியுள்ளார். மார்க்கோ போலோவின் குறிப்பின்படி, அரசனும் அவன் உடன்பிறந்தாரும் ஒவ்வொருவரும் ஈராயிரம் குதிரைகளுக்குமேல் வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை; குதிரை வைத்தியம் அறிந்தவர் அந்நாட்டில் இல்லை, அப்படிப்பட்டவர் வந்துசேராமல் வணிகர்களே தடுத்தனர், குதிரைகள் இறந்தால்தானே வணிகம் நடக்கும் என்பது அவர் தரும் விளக்கம். குதிரைகளை நாற்பது நாட்கள் கயிற்றாலும் முளையாலும் லாயத்தில் பிணித்துக் கொழுக்கவைத்து, அதன்பின் எவ்விதப் பழக்கமுமின்றிப் போர்வீரர்கள் ஏறிக் கடுமையாக ஓட்டியதால், வலிய குதிரைகளும் விரைவில் நலிந்தன என்கிறார் வஸ்ஸாஃப். அயலார் கூற்றில் மிகை இருக்கக்கூடும். வெப்பமும், ஏற்ற புல் இல்லாமையும் காரணங்களாக இருந்திருக்கும். எனினும் அவர் காட்டும் நாற்பது நாள் ஓய்வு எண்ணிப்பார்க்கத்தக்கது. கடலில் வாடிவந்த குதிரைக்கு நாட்கணக்கில் ஓய்வு கிடைத்திருக்கிறது, தீனியும் தாராளமாகவே கிடைத்திருக்கிறது. கயிற்றாலும் முளையாலும் பிணிக்கப்பட்டும், படிப்படியாக நடைபழக்கப்படாமலும் கழிந்த அந்த நாட்கள் அதற்குப் பயன்படவில்லை. வெறுமனே நாட்களைக் கழிப்பது கடனைச் செலுத்தியதாகாது.

இழப்பை யார் தாங்குவது என்ற இரண்டாவது கேள்விக்கு 1872ஆம் ஆண்டு கடுமையான விடையைத் தந்தது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் கனடாவின் டொராண்டோ வட்டாரத்தில் தொடங்கிய குதிரை இன்ஃப்ளூயன்சா, சில மாதங்களில் வட அமெரிக்கா முழுவதும் பரவி, குதிரையை நம்பியிருந்த நகரங்களை முடக்கியது. பல ஊர்களில் மனிதர்களே வண்டிகளில் தங்களைப் பூட்டிக்கொண்டு சரக்கை இழுத்தனர். நவம்பர் மாதத்தில் பாஸ்டன் நகரைத் தீ விழுங்கியபோது, தீயணைப்பு வண்டிகளையும் ஆட்கள் கயிறு கட்டி இழுக்கவேண்டியிருந்தது. இழப்பைப் பொறாத வண்டி நிறுவனங்கள் இருமும் குதிரைகளையே பூட்டின. 1866இல் அமெரிக்காவில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கிய ஹென்றி பெர்க், நியூயார்க் தெருக்களில் அத்தகைய வண்டிகளைத் தடுத்து நிறுத்தினார். அவரைப் பைத்தியக்காரன் என்று ஏசியவர்கள் உண்டு. ஆயினும் அர்ச்சுனன் தேரிலிருந்து இறங்கியதற்கும், அந்நகரத்து மக்கள் தாமே சுமை இழுத்ததற்கும் அடிப்படை ஒன்றே: குதிரை நிற்கவேண்டிய நேரத்தில் மனிதன் நடக்கவேண்டும்.

அந்த நடையின் பாரம் இன்று நீதியாகப் பங்கிடப்படவில்லை. கட்ராவிலும் கேதார்நாத் பாதையிலும் குதிரையும் கோவேறு கழுதையும் ஓட்டுவோர் பெரும்பாலும் அன்றாட வருவாயில் வாழ்பவர்கள். யாத்திரைக் காலம் சில மாதங்களே. 2025 மே மாதத்தில், இன்ஃப்ளூயன்சா பரவியிருந்த சூழலில் கேதார்நாத் பாதையில் கோவேறு கழுதைகள் இறந்து, அவற்றின் போக்குவரத்து தற்காலிகமாக நிறுத்தப்பட்டபோது, அந்த நாட்களின் கூலியை இழந்தவர்கள் அவர்களே. விலங்குக்கு மூன்று வாரக் கடன் உண்டு என்று சொல்லிவிட்டு, அதைச் செலுத்தும் பொறுப்பு முழுவதையும் ஏழைக் குதிரைக்காரரின் தலையில் ஏற்றுவது அறமாகாது. அவ்விலங்கின் முதுகில் ஏறிப் புண்ணியம் தேடுபவருக்கும், அப்பயணத்தால் வருவாய் பெறும் கோயில் நிருவாகத்துக்கும், உரிமம் வழங்கும் அரசுக்கும் அக்கடனில் பங்குண்டு. நோயுற்ற விலங்கை ஓய்வில் நிறுத்தும் நாட்களுக்கு உடையவருக்கு உதவித்தொகை, பாதையின் தொடக்கத்திலேயே வெப்பமும் மூச்சும் பார்க்கும் மருத்துவர், காலந்தவறாத தடுப்பூசி ஆகியவை இலவசச் சலுகைகளாக அல்லாமல், பயணச் செலவின் ஒரு பகுதியாகவே வைக்கப்படவேண்டும்.

மலைக்கோயிலுக்குச் செல்பவராயினும், கொடைக்கானல் ஏரிக்கரையிலோ சென்னைக் கடற்கரையிலோ குழந்தையைக் குதிரையில் ஏற்ற விரும்புபவராயினும், ஏறுவதற்கு முன் அதன் மூக்கையும் விலாவையும் ஒருமுறை பார்க்கவேண்டும். மூக்கொழுகினாலோ, இருமினாலோ, நிற்கும்போதே விலா வேகமாக ஏறியிறங்கினாலோ, குதிரைக்காரருக்கு உரிய கூலியைக் கொடுத்துவிட்டு, குதிரைக்கு ஓய்வு கொடுக்குமாறு அவரிடம் சொல்லி, நடந்தே செல்லவேண்டும்.